கடற்காற்றும் பழைய மோட்டார் சைக்கிள்களும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

பழைய மோட்டார் சைக்கிள்களை வீட்டிலேயே பராமரிப்பது குறித்துத் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். எனினும், அதில் தரப்பட்ட அட்டவணை முழுவதும் ஓடிய கிலோமீற்றர் கணக்கை வைத்தே அமைந்திருப்பதால், திருகோணமலை போன்ற கடலோர ஊர்களில் அதை மட்டும் நம்புவோர் ஏமாந்துபோவார்கள். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ முற்றத்தில் ஓடாமல் நிற்கும் வண்டியும் பழுதாகிறது.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் கைவிட முடியாமற்போன பழைய ஹொண்டாக்கள் பல இன்றும் இங்கே அன்றாடத் தேவைக்கு ஓடுகின்றன. அவற்றின் பராமரிப்பைக் காற்றைப் பார்த்தே திட்டமிட வேண்டும். தரைப்பக்கமிருந்து கச்சான் என்னும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் தூசி அதிகம் என்பதால், காற்று வடிகட்டியை அடிக்கடி கழற்றிப் பார்த்தால் போதும். வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வீசத் தொடங்கியதும் நிலைமை வேறு. வண்டியில் படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை விட்ட பின்னரும் இரும்பு முழுமையாக உலர்வதில்லை. அக்காலத்தில் வண்டியை அடிக்கடி கழுவுவது அவசியம். ஆனால் கரையோரத்து உவர்க் கிணற்று நீரால் கழுவினால் உப்பின்மேல் உப்பை ஊற்றியதாகவே முடியும். குழாய் நீரே ஏற்றது.

கட்டுரையில் ஓரிரு வரிகளுடன் விடப்பட்ட மின்னிணைப்புகளே இங்கு பெருந்தொல்லை. பற்றரியின் எதிர்முனை வண்டியின் சட்டத்துடன் இணையும் இடத்தில் துரு பிடித்தால் விளக்கு மங்கும், ஹோர்ன் கரகரக்கும். உடனே புதிய பற்றரி வாங்கிவிடுகிறோம். சில நாட்களில் பழைய குறையே திரும்புகிறது. அந்த இணைப்பைக் கழற்றி, இரும்பு பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே சிறிது கிறீஸ் பூசுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஆறு வோல்ற் வண்டிகளில் இது இன்னும் முக்கியம். துருவில் ஒரு வோல்ற் இழந்தால், பன்னிரண்டு வோல்ற் வண்டிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குதான் குறையும். இவற்றுக்கோ ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது.

அடுத்தது பெற்றோல் தாங்கி. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வெறுந்தாங்கியுடன் நின்ற பல வண்டிகளில் உட்புறத் துரு அப்போதே தொடங்கிவிட்டது. அந்தத் துகள்கள் காபரேட்டரில் பெற்றோலை அளவாக விடும் சிறிய துளையுள்ள ஜெற்றை அடைக்கும்போது, பலர் கம்பியால் குத்தி எடுக்கிறார்கள். ஜெற் பித்தளையாலானது, துளை ஒரு மயிரிழை அகன்றாலும் வண்டி கூடுதலாகப் பெற்றோல் குடிக்கும். மீன்பிடிக்குப் பயன்படும் மெல்லிய தங்கூசி (நைலோன் இழை) அதற்குப் போதும், அது நம் ஊரில் கிடைக்காத பொருளுமன்று. நீண்ட நாள் நிறுத்துவதானால் தாங்கியை நிரப்பியும் காபரேட்டரின் கிண்ணத்தை வடித்தும் வைப்பது நல்லது.

சிடி 125 போன்ற வண்டிகளுடன் வந்த முழுச் செயின் உறையை அழகுக்காகக் கழற்றி எறியும் வழக்கத்தையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. மணலையும் உப்பையும் தடுக்கவே அந்த உறை இருக்கிறது. உறை இல்லாதவர்கள் செயினை மண்ணெண்ணெயால் துலக்கி, துடைத்து, தடித்த கியர் ஒயில் இடலாம். எஞ்சினுக்குள் காருக்கான ஒயிலை ஊற்றுவது வேறு விடயம். கார் ஒயில்களுட் சிலவற்றில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்கள், ஒயிலில் நனைந்தபடியே இயங்கும் கிளச்சை வழுக்கச் செய்யும். மோட்டார் சைக்கிளுக்கென ஜேஏஎஸ்ஓ எம்ஏ (JASO MA) என்ற ஜப்பானியத் தரம் குறிக்கப்பட்டதையே வாங்க வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கக்கூடும் என்பதால், டிரம்மைத் திறந்து தூசியை வாயால் ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கட்டுரையாசிரியர் அடுத்த பகுதியை எழுதும்போது, கழற்றிய பழைய ஒயிலை என்ன செய்வது என்பதையும் விளக்க வேண்டுகிறேன். மணற்பாங்கான எங்கள் நிலத்தில் வேலியோரம் ஊற்றிய ஒயில் கிணற்றுக்குச் செல்ல அதிக தூரமில்லை.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.