சீனக் குழந்தைப் பாடல்களுக்கு ஊரும் காலமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வெளியான சீனக் குழந்தைப் பாடல்கள் பற்றிய கட்டுரை மகிழ்ச்சி தந்தது. அடுத்த இதழிலிருந்து அவற்றின் தமிழாக்கம் தொடராக வரும் என்று அறிவித்திருப்பது அதைவிட மகிழ்ச்சி. தொடர் தொடங்குமுன் சிலவற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

'இரண்டு புலிகள்' பாட்டைச் சீனத்தின் பழைய நாட்டுப்பாடல் என்கிறது கட்டுரை. அதன் மெட்டு 'ஃப்ரேர் ஜாக்' என்ற பிரெஞ்சுக் குழந்தைப் பாட்டினுடையது. 1926இல் சீனத்தை ஒன்றாக்கத் தெற்கிலிருந்து 'வடக்குப் படையெடுப்பு' நடந்தபோது, அந்நிய வல்லரசுகளையும் யுத்தப் பிரபுக்களையும் வீழ்த்துவோம் என்று இதே மெட்டில்தான் புரட்சிப் படையினர் பாடினார்கள். இப்பாட்டைத் தொன்மைக்குச் சான்றாக வைப்பது பெரும் பிழை.

குறி சொல்லும் பாடல்களையும் தாலாட்டு வரிசையில் சேர்த்திருக்கிறீர்கள். அவை வேறு வகை. குவோ என்ற பழைய சிற்றரசு எப்போது விழும் என்பதைச் சொல்லும் சிறுவர் பாட்டு ஒன்றை, கி.மு. 655 நிகழ்ச்சிகளில் 'ட்ஸோ ட்சுவான்' என்ற பழைய வரலாற்று நூல் குறிக்கிறது. ஹான் அரசின் கடைசிக் காலத்தில் தோங் ட்சுவோ என்ற கொடுங்கோலனைப் பற்றித் தலைநகரில் ஒரு பாட்டு உலவியது. 'ஆயிரம் லீ புல்' (லீ என்பது சீனத் தூர அளவு) என்ற மூன்று எழுத்துகளை அடுக்கினால் அவன் குலப்பெயர். பின்னால் வரும் வேறு மூன்று எழுத்துகளை அடுக்கினால் இயற்பெயர். பிழைக்க மாட்டான் என்று முடிவு. அவன் 192இல் கொல்லப்பட்டான். எழுத்தைப் பிரித்துக் கோக்கும் இந்த வேலை படித்த பெரியவர்களுடையது, பிள்ளைகளின் வாய் இரவல். பழைய வரலாற்று நூல்கள் இவற்றைத் கெட்ட நிமித்தங்களோடு வைத்ததும் அதனால்தான்.

வீட்டிலும் தெருவிலும் பாடியவற்றுக்கு ஏடு மிகவும் பிந்தியது. மிங் அரச காலத்து அறிஞர் லூ குன் 1593இல் வெளியிட்ட தொகுப்பில் 46 பாடல்கள் உள்ளன. நீதி புகட்டுவதற்காக அவர் வரிகளைத் திருத்தினார். எது தெருவில் கேட்டது, எது அவர் சேர்த்தது என்று இன்று பிரிப்பது கடினம். 1896இல் இத்தாலியத் தூதரகத்தைச் சேர்ந்த விதாலே, பெய்ஜிங்கில் 170 பாடல்களைச் சீன மூலத்தோடு அச்சிட்டார். அமெரிக்கப் பாதிரியார் ஹெட்லண்டின் நூல் 1900இல் வந்தது. படங்கள் அழகு, ஆனால் ஆங்கிலச் சந்தத்துக்காக அவர் நிறையக் கூட்டினார். சீன மூலத்தில் விளக்குத் தண்டில் ஏறி எண்ணெய் திருடும் எலி அவரிடம் மெழுகுவர்த்திக் காலில் ஏறுகிறது. எலி கூப்பிடும் பாட்டி ஊருக்குப் போய்விடுகிறாள். ஆங்கில இயைபுக்காக வந்த அந்த ஊர் மூலத்தில் இல்லை. உங்கள் கட்டுரையிலும் எலி மெழுகுவர்த்தியில் ஏறுவதால் ஆங்கிலம் வழியே வந்தது தெரிகிறது. குத்துவிளக்கு அறிந்த நம் குழந்தைக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு?

1918 பிப்ரவரியில் பெய்ஜிங் பல்கலைக்கழகம் நாட்டுப் பாடல் சேகரிக்க அழைப்பு விடுத்தபோது வகுத்த விதிகளையே உங்கள் தொடருக்கும் கொள்ளலாம். மெருகேற்றக் கூடாது. வட்டாரச் சொல்லை அரசு மொழிக்கு மாற்றக் கூடாது. ஒலி இருந்து எழுத்து இல்லாவிட்டால் அந்த இடத்தில் கட்டம் போட்டு ஒலியைக் குறிக்க வேண்டும். இடப்பெயர்களுக்கு விளக்கம் வேண்டும். மெட்டு உண்டென்றால் அதையும் எழுத வேண்டும். இந்தக் கண்டிப்பின் பயனை 1924இல் தோங் ட்ஸோபின் காட்டினார் (பின்னாளில் ஆமையோட்டில் பொறித்த பழஞ்சீன எழுத்துகளின் ஆய்வால் புகழ்பெற்றவர் இவர்தான்). நிச்சயித்த பெண்ணை மாமனார் வீட்டில் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வரும் பையனின் பாட்டுக்கு, சேர்ந்திருந்த 7,838 பாடல்களிலிருந்து 45 வடிவங்களை எடுத்து ஒப்பிட்டார். வடக்கே ஒரு வழி, தெற்கே ஒரு வழி என்று பாட்டு ஆற்றுப் படுகைகளைப் பின்பற்றிப் பரவியதை அவரால் காட்ட முடிந்தது. ஒவ்வொரு வடிவத்தோடும் ஊர்ப்பெயர் இல்லாதிருந்தால் அந்த ஆய்வே கிடையாது.

தமிழாக்குபவர் கவனிக்க வேண்டியது தாளம். பெய்ஜிங்கின் ரம்பப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவரும் குழந்தையும் எதிரெதிரே உட்கார்ந்து கைகோத்து முன்னும் பின்னும் இழுக்க வேண்டும்: லா தா ஜூ, ச்செ தா ஜூ, லாவ் லாவ் ஜியா, ச்சாங் தா ஷீ. ரம்பத்தை இழு, அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில் பெரிய கூத்து. மகளை அழைத்து வா, மருமகனைக் கூப்பிடு, சின்னப் பேரனும் போவான். சீனத்தில் எழுத்துக்கு ஓர் அசை. மூன்று அசை, ஓர் ஓய்வு, ஆக 4 தட்டு. அதுவே ஓர் இழுப்பு. பேரன் வரும் கடைசி அடி மட்டும் ஏழு அசை, ஓர் ஓய்வு, 8 தட்டு. சீனத்தில் சொல்லின் பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கமே தொனி. ரம்பம், கூத்து, போவான் என்று இயைந்து முடியும் சொற்கள் இறங்கும் நான்காம் தொனி; இழுப்பு முடியும் இடத்தில் குரலும் விழுகிறது. 'பெரிய ரம்பத்தை நாம் இழுப்போம்' என்று நீட்டினால் கை முடிந்த பிறகும் வாய் ஓடிக்கொண்டிருக்கும். 'ரம்பம் இழு, ரம்பம் இழு' போதும். நம் கை தானாக எதுகைக்குப் போகும். இங்கே வேண்டியது அடியின் கடைசி ஒலி ஒத்து வரும் இயைபு. கான்டன் பகுதி நிலாப் பாட்டுக்கோ அந்தாதியே வேண்டும். ஓர் அடியின் முடிவில் வந்த பொருள் அடுத்த அடியின் தொடக்கமாகிறது.

பள்ளிப் பாடல்களைத் தனியே பிரித்துவிடுங்கள். 1902இல் ஜப்பான் சென்ற ஷென் ஷின்கோங் போன்றவர்கள் அந்நிய மெட்டுகளுக்குச் சீனச் சொல் எழுதித் தொடங்கிய மரபு அது. மெட்டு முன்னே, சொல் பின்னே என்பதால் இறங்க வேண்டிய தொனி ஏறும் சுரத்தில் மாட்டிக்கொள்வதுண்டு. மெட்டில்லாமல் தாளத்தோடு சொல்லும் பழைய பாடல்களில் அந்தச் சிக்கல் இல்லை.

ஆகவே ஒவ்வொரு பாடலின் கீழும் ஊர், வட்டார மொழி, எடுத்த தொகுப்பு, ஆண்டு, கூடவே செய்யும் விளையாட்டு ஆகியவற்றைச் சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். இரண்டே வரி இடம் பிடிக்கும். பெய்ஜிங் பாடல்களையும் மின்னான் (தென் ஃபுஜியன்) பாடல்களையும் 2008இல் சீன அரசு தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும் ஊர்ப்பெயரோடுதான் சேர்த்தது. இடம் போதாதென்றால் படத்தைச் சிறிதாக்குங்கள். அந்த இரண்டு வரியை வெட்டாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
மதுரை