வலது கண்ணுக்கு மட்டும் தெரிந்த நீலம்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ரங்கா,

நலம்தானே? நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். போன மாதம் பாண்டியில் வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் ஆயிற்று. இடது இன்னும் பாக்கி.

எழுத வந்தது வேறு. முந்தாநாள் ராத்திரி மழையில் கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடினேன். இடது கண்ணுக்குச் சுடர் முழுக்கப் பழுப்பு மஞ்சள். அப்புறம் கண்ணை மாற்றி மூடினால், சுடரின் அடியில் சின்னக் கிண்ணம் மாதிரி நீலம்! எத்தனை வருஷமாகப் புரை மறைத்து இதைப் பார்க்காமலே இருந்தேனோ.

"மஞ்சள்தானே தாத்தா ரொம்பச் சூடு?" என்றாள் பேத்தி. ஆமாம் என்று சொல்லிவிட்டு, சந்தேகம் வந்து, ஒரு தீக்குச்சியின் தலையைக் கிள்ளி, திரிக்குச் சற்று மேலே குறுக்காகப் பிடித்துச் சட்டென்று எடுத்தேன். இரண்டு இடத்தில் கரி, நடுவே வெள்ளை மரம். ஓரம்தான் சுடுகிறது, நடுவில் இருப்பது எரியக் காற்று எட்டாத மெழுகு ஆவி. 1860இல் லண்டனில் விஞ்ஞானி ஃபாரடே பிள்ளைகளுக்குக் காகிதத்தை வைத்து இதைத்தான் காட்டினார். திரியோரத்து இருட்டில் 600 டிகிரி போல, மஞ்சளில் 1,200, வெளி விளிம்பில் 1,400 வரை போகுமாம். மஞ்சள் என்பது பழுத்த கரித்தூள், கொல்லன் உலை இரும்பு மாதிரி. நீலம் அப்படிப் பழுத்த நிறமே இல்லை. ஆவி உடைந்து எரியும்போது அந்தத் துணுக்குகள் விடுகிற வெளிச்சம். "அப்ப நீ சொன்னது தப்பா?" என்றாள். தப்புதான்.

இன்னொரு தப்பும் உண்டு. கேஸ் அடுப்பில் நீலமே வரவில்லை என்று சண்டை போட்டு, இரண்டு தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன் அல்லவா? "மஞ்சளா எரிஞ்சா பாத்திரத்துல கரி பிடிக்காதா?" என்று வீட்டுக்காரி அன்றைக்கே கேட்டாள். இப்போது அந்த இரண்டு மெக்கானிக் கூலியையும் என்னிடம் வசூலிக்கிறாள்.

சிரிக்காதே. நீ கண்ணாடியை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, ராத்திரியில் பண்ருட்டி ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறாய். எனக்குப் பயமாக இருக்கிறதடா. இன்றைக்கே மெழுகுவத்தி ஏற்றி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்.

என் இடது கண்ணுக்கு அடுத்த மாதம் 14ஆம் தேதி. நீயும் வந்து காட்டு. சண்முகம் இட்லி கொண்டுவருவதாகச் சொல்கிறான். சட்னி வேண்டாம் என்று நீயே அவனிடம் சொல்லிவிடு.

உன்,
கோபு