காகிதப்பட்டை மரங்களைத் தின்னும் உப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆஸ்திரேலியா என்றாலே கங்காருவும் பவளப்பாறையும்தான் நம் பத்திரிகைகளில் வருகின்றன. சரி, வடக்கே டார்வின் நகருக்குக் கிழக்கில் ஓடும் மேரி ஆற்றங்கரையின் மெலலூக்கா (காகிதப்பட்டை மர) காடுகளைப் பற்றியும் ஒருமுறை எழுதுங்களேன். இந்த மரத்தின் பட்டையை விரலால் உரித்தால், நனைந்து காய்ந்த நோட்டுப் புத்தகம் போலத் தாள் தாளாக வரும். அங்குள்ள பழங்குடிகள் அதில் மீனைச் சுற்றிக் குழியடுப்பில் வேகவைப்பார்கள். (நமக்கு வாழையிலை மாதிரி!) பூக்கும் பருவத்தில் பழந்தின்னி வௌவால்கள் தேனுக்காகக் கூட்டமாய் வந்து இறங்கும்.

மாதக்கணக்கில் வெள்ளத்தில் நின்றாலும் இந்த மரம் தாங்கும். உப்பு மட்டும் ஆகாது. 1940களிலிருந்து சாம்பன், டாமிகட் என்ற இரண்டு கழிமுக ஓடைகள் நீண்டும் அகன்றும் கடல்நீரை உள்ளே கொண்டுவந்தன. 1990களுக்குள் சுமார் 17,000 ஹெக்டேர் நன்னீர்ச் சமவெளி பாதிக்கப்பட்டது. பட்டுப்போன மரங்கள் எலும்பாய் நிற்கின்றன. ஆசியாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட எருமைகள் சமவெளியை மிதித்துத் தடம் போட்டதும் ஒரு காரணம் என்கிறார்கள். அப்புறம் ஓடைகளின் குறுக்கே மண் தடுப்பணைகள் கட்டினார்கள். கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருக்கும்போது அவை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்