மைக்செட் அண்ணன் விஷயமாக

மாப்ளே,

போனில் அரைகுறையாகச் சொன்னதை முழுசாக எழுதுகிறேன். நம்ம மைக்செட் அண்ணன் காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்தவர்தான், எழவில்லை. பாக்கெட்டில் ஒரு துண்டுச்சீட்டும் இல்லை. போனை எவனோ அடித்துவிட்டான். ரயில்வே போலீஸ் 'அடையாளம் தெரியாத ஆண்' என்று எழுதி, அடுக்கம்பாறை ஜி.எச். மார்ச்சுவரிக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் குழாய் ஸ்பீக்கரைப் பச்சை குத்தியிருப்பாரே, அந்தப் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றி எனக்கு வந்தது.

போய்ப் பார்த்துச் சொன்னேன். அடையாளம் காட்ட நான் போதும், உடலை வாங்க நான் போதாதாம். ரத்த சம்பந்தம் யாராவது கையெழுத்துப் போடணும் என்றார் ஏட்டு. நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்லமாட்டேன். யாரும் வராவிட்டால் கொஞ்ச நாள் வைத்திருந்து போலீஸே அடக்கம் பண்ணிவிடும், அல்லது மருத்துவக் கல்லூரிப் பசங்க பாடத்துக்குப் போகும். அண்ணனுக்கா அந்த கதி?

ஆம்பூரில் தங்கச்சி இருக்கிறதல்லவா, ஷூ கம்பெனியில்? வீட்டுப் பங்குத் தகராறில் பேச்சே இல்லை. போன் போட்டால், "எனக்கு அண்ணனே கிடையாது" என்று வைத்துவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் ஷிப்ட்டு முடிந்த கையோடு, கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றது. இரண்டு பேர் ஆதாரிலும் அப்பா பேர் ஒன்று. அது போதுமானதாக இருந்தது.

பிறகு விசாரணை, பஞ்சாயத்தார் கையெழுத்து, போஸ்ட்மார்ட்டம். இந்த மாதிரிச் சாவைப் போலீஸ் விசாரிக்கிற சட்டப் பிரிவை முன்பு 174 என்பார்களே, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அது 194. காகிதத்தில் அண்ணன் பேரைச் சேர்க்கவைத்த பிறகுதான் நகர்ந்தேன். இல்லாவிட்டால் இறப்புச் சான்றிதழுக்கு அந்தப் பெண் நாயாய் அலையணும். அமரர் ஊர்திக்குக் காசு கிடையாது, 155377-க்குச் சொன்னால் போதும். வெளியே நிற்கிற வண்டிக்காரன் பேச்சைக் கேட்காதே.

அறுத்த உடம்பைத் தெருவுக்குள் விடமாட்டேன் என்றார் வீட்டு ஓனர். நேராகப் பாலாற்றங்கரைக்கே கொண்டுபோய்விட்டோம். கொள்ளி வைத்தது அந்தத் தங்கச்சிதான். யாரும் வாயைத் திறக்கவில்லை.

காட்பாடி வேலூர் மாநகராட்சி எல்லைதான், அங்கே இறப்பைப் பதிவு பண்ணணும். 21 நாளுக்குள் என்றால் கட்டணமில்லை. அது என் பொறுப்பு. கடையில் இருக்கிற ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்களில் எது அவருடையது, எது கோயிலுடையது என்று உனக்குத்தான் தெரியும். பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாளே வந்துவிடு. சாவி என்னிடம் இருக்கிறது.



உன்,
பழைய ரூம்மேட்