மரக்கடைசல் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த கடைசல்காரர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயலறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். போன வருடம் அறிக்கை நீளம் என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. இந்த வருடமும் நீளம்தான். அறிக்கை முடிந்த பிறகே டீயும் பருப்பு வடையும் வெளியே வர வேண்டும் என்று பொருளாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இப்போது நாம் 27 பேர். அதில் 6 பேர் பெண்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூட்டம் இரண்டு முறை நடக்கவில்லை. ஒரு முறை மழை, இன்னொரு முறை முகூர்த்த நாள்; பாதிப் பேர் ஒரே கல்யாண வீட்டில் இருந்தோம். மரத்தைச் சுழற்றிக் கடையும் லேத் மூன்றும் ஓடுகின்றன. பெரியதன் பெல்ட் மட்டும் அடிக்கடி நழுவுகிறது.

இந்த ஆண்டு நாம் செய்த வேலை புரிய வேண்டுமென்றால் அதற்கு முந்தைய கிறிஸ்துமஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2023 நவம்பர் பாதியில்தான் நமக்குப் பரிசு நினைப்பே வந்தது. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறும் நேரம். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வைத்துக் கொடுக்க அழகான மரக்கிண்ணம், மூடி போட்ட சிமிழ், காய்ந்த பூ செருகும் சின்னக் குடுவை என்று ஆளுக்கு ஒரு பட்டியல் போட்டோம். ஒரு மரக்கடையில் "நல்லா காஞ்ச கட்டை" என்று சொல்லிக் கொடுத்த பலாவை அப்படியே நம்பி வாங்கினோம். லேத்தில் மாட்டி உளி வைத்ததுமே சுருள் முழ நீளத்துக்கு வந்தது, முகத்தில் துளி தெறித்தது. காய்ந்த மரம் அப்படிச் சீவாது என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். குலசேகரம் அண்ணன் கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மக்கா, இது இன்னும் தண்ணி குடிச்சிட்டுல்லா கிடக்கு" என்று சொல்லவும் செய்தார். தேதி நெருங்கிவிட்டதால் யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

ஜனவரியிலிருந்து சேதி வரத் தொடங்கியது. சென்னைக்குப் போன கிண்ணம் நீள்வட்டமாகிவிட்டது. ஒன்று விளிம்பிலிருந்து அடிவரை பிளந்தது. துபாயில் இருக்கும் என் மைத்துனர் போன் போட்டு, "மச்சான், சிமிழ் சூப்பர். ஆனா தொறக்க மாட்டேங்குது" என்றார். அவர் வீட்டில் ஏசி ராவும் பகலும் ஓடும். அந்தச் சிமிழுக்குள் என் தங்கைக்கு ஒரு ஜோடி கம்மல் வைத்து அனுப்பியிருந்தோம். கடைசியில் ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பித்தான் எடுத்தார்கள்.

ஏப்ரல் கூட்டம் முழுவதும் இதிலேயே போனது. நமது கூட்டங்களில் உருப்படியாக நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒன்றுபோலச் சுருங்காது. வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் அநேகமாகச் சுருக்கமே இல்லை. அதனால்தான் ஈரத்தில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் காய்ந்ததும் முட்டை வடிவத்துக்குப் போகிறது. சிமிழும் மூடியும் வெவ்வேறு பக்கம் நீண்டால் இறுகாமல் என்ன செய்யும்? நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நெல்லுக்கும் வாழைக்கும் நல்லது. கட்டை காயப் போடுகிறவனுக்கு வருடத்தில் பாதி போச்சு.

ஆகவே ஈரத்தில் ஒரு முறை, காய்ந்த பிறகு ஒரு முறை என்று இரட்டைக் கடைசல் முடிவானது. டிசம்பரில் கொடுக்க வேண்டிய கிண்ணத்தின் முதல் கடைசல் ஏப்ரல், மே மாதத்திலேயே நடந்துவிட வேண்டும். சுவரின் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். அதைவிடத் தடிப்பாக விட்டால் வெடிக்கும், மெலிதாக விட்டால் வளைந்த பிறகு திரும்ப வட்டமாக்க மரம் மிஞ்சாது. நார் குறுக்கே வெட்டுப்பட்ட முகங்கள் வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும் என்பதால் அங்கே மெழுகு பூச வேண்டும். அடியில் பென்சிலால் தேதியும் எடையும் எழுத வேண்டும். வாரம் ஒரு முறை எடை போட்டு, தொடர்ந்து சில வாரம் எடை குறையாமல் நின்றால் மட்டும் இரண்டாம் கடைசல். சமையலறைத் தராசு போதும். பூசுவதற்கு மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருக்கும் உறுப்பினர் தேன்மெழுகு கொண்டுவந்து தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார், அவருக்கு இரண்டு சிமிழ் பாக்கி இருக்கிறது.

இதிலும் ஒரு பிசகு நடந்தது. மெதுவாகக் காய வேண்டும் என்பதற்காக முதல் கடைசல் கிண்ணங்களை அவற்றின் சொந்தச் சுருளோடு சாக்கில் போட்டுக் கட்டி மூலையில் வைத்தோம். வறண்ட ஊரில் இது நல்ல வழி. இங்கே ஜூன் மழை பிடித்ததும் சாக்குக்குள் புழுக்கம் ஏறி, திறந்து பார்த்தபோது ரப்பர் மரக் கிண்ணங்கள் எல்லாம் கருநீலப் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. பலா தப்பித்தது. இப்போது சாக்குக்குப் பதில் காகிதப் பையில் போட்டு, பரணில் காற்றோட்டமாக வைக்கிறோம், சுருளை இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றுகிறோம்.

மரங்களைப் பற்றி. ரப்பர் நம் மலையோரத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. பால் வற்றிய தோட்டத்தில் மறுநடவுக்கு வெட்டும்போது கேட்டால் தருவார்கள். வெளிர் நிறம், உளிக்கு இதமான மரம், வண்ண அரக்குக்கு ஏற்றது. ஆனால் வெட்டிய சில நாளிலேயே வேலையைத் தொடங்காவிட்டால் நீலக்கறையும் வண்டும் சேர்ந்து வந்துவிடும். வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்தோம். அப்படி ஊறிய கிண்ணத்தைத் தின்பண்டம் வைக்கக் கொடுக்கக் கூடாது, அலங்காரத்துக்கு மட்டும் என்று அடியில் எழுதித்தான் கொடுத்தோம்.

பலா நமக்குப் புதிதல்ல. பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க்கொட்டாரத்துக்குப் போனவர்கள் ஒற்றைப் பலாவில் செதுக்கிய அந்தத் தூணைப் பார்த்திருப்பீர்கள். ஆகஸ்டில் பத்துப் பேர் போய் அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றோம். காவலர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். புதுப் பலா மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் படப்பட மாதக்கணக்கில் பழுத்துத் தேன் நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் போகும். பரிசு வாங்குகிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். "நீங்க கொடுத்த கலர் மங்கிப் போச்சு" என்று ஒரு அத்தை ஒரு வருடம் கழித்துச் சண்டைக்கு வந்தார்.

பூவரசை நாம் வேலிமரம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதன் உள்மரமான வைரம் சாக்லேட் நிறத்தில் மெழுகு தேய்த்தாற்போல வருகிறது. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மீலோ என்பார்கள், உணவில் மரவாடை ஏறாது என்று அதில் சாப்பாட்டுக் கிண்ணம் கடைந்திருக்கிறார்கள். நாம் பூவரசு இலையில் கொழுக்கட்டை வேகவைத்ததோடு நிறுத்திக்கொண்டோம். தென்னை பார்க்க அழகு, உளிக்கு எமன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சாணைக்குப் போக வேண்டியிருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும்தான் கடைசலுக்கு உதவும், உள்ளே பஞ்சு.

இந்த ஆண்டின் நட்சத்திரம் பலா இனத்து அயனி மரம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் சாய்ந்த ஒரு மரத்தைத் திருவட்டாறு உறுப்பினர் அப்போதே நடுக்குருத்து வழியாகப் பிளந்து, தொழுவத்தின் மேலே ஏற்றி வைத்திருந்தார். வீட்டில் எத்தனையோ முறை அடுப்புக்குக் கேட்டார்களாம். திறந்த வெளியில் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுக்கணக்கு. இதற்கு ஏழு வருடம். கடைந்தபோது சுருளே வரவில்லை, தூளும் சின்னச் சில்லுமாகக் கொட்டியது. அதில் வந்த ஒன்பது கிண்ணத்தில் ஒன்றுகூட இதுவரை அசையவில்லை.

ஈட்டி மரத்தில் கடைய வேண்டும் என்று ஒரு இளைஞர் மூன்று கூட்டமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். 1994-இல் வந்து 2025 வரை இருந்த தமிழ்நாட்டு ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்தில் நிற்கும் ஈட்டியை வெட்டவும் அனுமதி வேண்டியிருந்தது. பழைய கட்டில்கால், ஒடிந்த நாற்காலி என்று வந்தால் பார்க்கலாம் தம்பி. அதுவும் முகமூடி போட்டுக்கொண்டுதான். அதன் தூள் பலருக்கு அரிப்பைக் கிளப்பும்.

செப்டம்பரில் வேன் பிடித்து அம்பாசமுத்திரம் போனோம். செப்புச் சாமான் என்ற மர விளையாட்டுப் பாத்திரங்கள் கடையும் ஊர். மஞ்சக்கடம்பில் கடைந்த காலம் போய், கிடைக்கிற மரத்தில் கடைகிறார்கள். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டிலேயே அரக்கு உருகிப் படிகிறது. வேறு நெருப்பு வேண்டாம். அதன்மேல் காய்ந்த தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வருகிறது. கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்களும் தாழையைத்தான் வைத்துத் தேய்க்கிறார்கள். நாம் வார்னிஷ் டப்பாவுக்கு அலைகிறோம், கால்வாய் ஓரம் முழுக்கத் தாழை நிற்கிறது. திரும்பி வந்த மறுநாளே இரண்டு பேர் மடல் அறுக்கப் போய்க் கையெல்லாம் கீறலோடு வந்தார்கள். முள்ளை முதலில் சீவ வேண்டும் என்பதை அங்கே கேட்க மறந்துவிட்டோம்.

எண்ணெய் விஷயத்தில் அக்டோபரில் பெரிய ஆபத்து ஒன்று தப்பியது. தேங்காய் எண்ணெய் பூசினால் அது இறுகாது, காறல் வாடைதான் வரும். அதனால் ஆளிவிதை எண்ணெய்க்கு மாறினோம். அது காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளம்பும். துடைத்த துணிகளை உருண்டையாகச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறோம். மாலையில் சாவி கொடுக்க வந்தவர் புகை வாடை பிடித்து உள்ளே ஓடினார். குவியல் நடுவில் கருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மரத்தூள் மூட்டை. யார் போட்ட துணி என்று விசாரிக்கவில்லை, ஏனென்றால் அதில் என் பழைய பனியனும் இருந்தது. இப்போது வாசலில் தண்ணீர் ஊற்றிய தகர டின் இருக்கிறது. துணி அதற்குள்தான்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்று. பழைய மோட்டாரை நேராக மாட்டி 1440 சுற்றில் ஓட்டிய புது உறுப்பினரின் கிண்ணம் ஷட்டரில் போய் முட்டிய பள்ளத்தை இன்றைக்கும் பார்க்கலாம். முகக்கவசம் போட்டிருந்தார், நல்லவேளை. அவரே இப்போது எல்லோருக்கும் வேகக்கணக்கு பாடம் எடுக்கிறார்.

டிசம்பருக்கு வருகிறேன். நவம்பர் கடைசியில் 41 கிண்ணமும் சிமிழும் தயார். மூடியையும் அடியையும் ஒரே கட்டையிலிருந்து எடுத்து, நாரின் போக்கு ஒரே பக்கம் இருக்கும்படி பென்சில் கோடு போட்டுச் சேர்த்தோம். சுருங்கினாலும் இரண்டும் சேர்ந்தே சுருங்கும். மூடியைக் கொஞ்சம் தளர்வாகவே விட்டோம். துபாய்ச் சிமிழ் புதிதாக ஒன்று போயிருக்கிறது, பொங்கலுக்குப் பேசியபோது திறக்கிறது என்றார்கள். பன்னிரண்டு கிண்ணங்களில் முந்திரிக்கொத்து நிறைத்து அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனோம். ஒரு பாட்டி முந்திரிக்கொத்தைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தை மட்டும் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அவருடைய அப்பா கடைசல்காரராம்.

ஒரு வருத்தமும் உண்டு. ஒரு பரிசுப்பொருள் கடை பதினைந்து கிண்ணம் சொல்லிவிட்டு, எடுத்துப் போகும் நாளில் மெஷினில் செய்தது பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பேரம் பேசியது. கொடுக்கவில்லை. அந்தப் பதினைந்தும் உறுப்பினர்கள் வீட்டுக் கல்யாணங்களில் தீர்ந்தன.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மின்கட்டணம் கூடியிருக்கிறது, ஈரமானி ஒன்று வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

கூட்டத்தின் ஒப்புதலுக்கு இரண்டு கோரிக்கை. ஒன்று, மே 31-க்குப் பிறகு முதல் கடைசல் ஆன எதுவும் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் பட்டியலில் சேராது. எனக்கும் சேர்த்துத்தான். இரண்டு, பெரிய லேத்துக்குப் புது பெல்ட். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் விழுந்த பலாவைப் பிளக்கப் போகிறோம். கோடாலி, ஆப்பு வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். அந்த வீட்டு அம்மா புட்டும் பயறும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்