கிழக்குக் கரைக்குப் போய் வந்தேன்

சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு நலம். கிள்ளானில் பேரப்பிள்ளைகள் உன்னை ஆட்டிவைப்பதாகக் கேள்வி.

1982இல் மலையைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போகும் கிரிக்–ஜெலி சாலை திறந்தபோது, பால் வெட்டு முடிந்து ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து திட்டம் போட்டோமே, நினைவிருக்கிறதா? போன மாதம் தனியாகவே போய் வந்துவிட்டேன். அதே பழைய மோட்டார் சைக்கிள்தான். மகன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மலைச்சாலையைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும். யானை வரும் என்ற பலகையைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்த வளைவிலேயே புது யானை லத்தி கிடந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஜெலி தாண்டி, கிளந்தானைக் கடந்து திரங்கானு மாநிலத்துக்குள் இறங்கினேன். செத்தியு பக்கம் தென்சீனக் கடல், உப்பங்கழி, இடையில் சவுக்கு மரங்கள். மணலில் என் காலடி மட்டும்தான். பெனாரிக்கில் டயர் பஞ்சர். அன்று வெள்ளிக்கிழமை, அங்கே வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்பதை மறந்துபோனேன். தொழுகை முடிந்து வந்த கம்பத்துக்காரர் (கிராமத்து ஆள்) ஒருவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மாறாக, அவர் வீட்டிலிருந்து சுடச்சுடக் கெரோப்போக் லேக்கோர் வந்தது. மீனும் சவ்வரிசி மாவும் சேர்த்து உருட்டியது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே ரப்பர் ஒட்டுப்பால் போல இழுவை. உன் கட்டுப்பல்லுக்கு ஆகாது.

கடைசியாக ரந்தாவ் அபாங். பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழம் போல முதுகில் வரிவரியாக மேடு கொண்ட அந்தப் பெரிய ஆமைகள், 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் இட்ட கரை அது. முட்டைகளை அள்ளி விற்றார்கள். பெரிய ஆமைகள் வலைகளில் சிக்கிச் செத்தன. எல்லா ஆமை முட்டைகளின் விற்பனைக்கும் அம்மாநிலத்தில் முழுத் தடை வந்தது 2022இல்தான். இருட்டும் வரை நடந்தேன். நண்டு வளைகள் மட்டுமே கண்ணில் பட்டன.

லாரிக்காரர் கொண்டுவந்த ஆமை முட்டைகளை நம் தோட்டத்து லயத்து வீட்டில் வேகவைத்தோமே? எவ்வளவு நேரம் கொதித்தும் வெள்ளைக்கரு இறுகவில்லை என்று உன் அம்மாவைக் கேலி செய்தோம். அது அங்கே நின்றபோது ஞாபகம் வந்தது.

நவம்பரில் அடைமழை பிடித்துக்கொள்ளும். ஏப்ரலில் மறுபடியும் போகிறேன். பின்சீட்டுக்குப் புது உறை போட்டுவிட்டேன். மருமகளிடம் என்ன சொல்வாய் என்பதை இப்போதே யோசித்து வை.

உன்,
பழைய லயத்துக்காரன்