சிவப்பு விளக்கை நம்பாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. சின்னவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, பையனின் ரிமோட் கார் விஷயம். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, பேட்டரி ஃபுல் ஆனது எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். அதைப் பார்த்துத் தெரியாதுடா. கரன்ட் வருகிறது என்பதற்குத்தான் அந்த விளக்கு. காரோடு கொடுக்கிற இந்தச் சாதா சார்ஜர் பெரும்பாலும் தானாக நிற்காது, நாம்தான் கணக்குப் போட்டுக் கழற்ற வேண்டும்.

பேட்டரி 7.2 வோல்ட், 1800 எம்ஏஎச் (அதில் பிடிக்கிற சார்ஜின் அளவு), நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. சார்ஜர் 250 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாய். 1800ஐ 250ஆல் வகுத்தால் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், ஆனால் போகிற கரன்ட் முழுக்க உள்ளே சேராது, ஒரு பங்கு சூடாக வீணாகும், அதனால் 1.4ஆல் பெருக்கிக்கொள்: சுமார் 10 மணி நேரம். இது முழுக்கக் காலியான பேட்டரிக்கு. பாதி ஓட்டிவிட்டுப் போட்டால் நேரத்தையும் பாதியாக்கு.

நிறைந்த பிறகு போகிற கரன்ட் எல்லாம் வெறும் சூடாகத்தான் மாறும், பேட்டரி கெடுவது அங்கேதான். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் உடனே கழற்று. ஓட்டி முடித்ததும் சூட்டோடு சார்ஜ் போட விடாதே, ஆறட்டும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வேறு வழியில்லை என்றால் நேரம் வைத்து அணைக்கிற டைமர் பிளக் ஒன்று வாங்கி மாட்டு. பேட்டரி நிறையும்போது வோல்டேஜ் லேசாக இறங்குவதைக் கவனித்துத் தானே நிறுத்துகிற சார்ஜரும் கிடைக்கிறது. விலை கூடத்தான், ஆனாலும் அதற்குச் செலவழிக்கலாம்.

அப்புறம் முக்கியமான ஒன்று. அடுத்து டிரோன் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய், அதில் வருவது லித்தியம் பேட்டரி. பிளக் பொருந்துகிறதே என்று கார் சார்ஜரில் அதை மாட்டிவிடாதீர்கள். கார் பேட்டரியில் ஆறு செல், சார்ஜ் ஏறும்போது 9 வோல்ட் பக்கம் போகும். இரண்டு செல் லித்தியம் பேட்டரி 8.4 வோல்ட்டில் நின்றாக வேண்டும், தாண்டினால் உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். உப்பிய பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் போடவே கூடாது, பையனிடம் நீயே சொல்லிவை.

டிரோன் வந்ததும் பேட்டரி லேபிளை போட்டோ எடுத்து அனுப்பு, எந்தச் சார்ஜர் சரிவரும் என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராஜா